கோழிக்குக் கொண்டையில் கொப்புளம், ரிப்போர்ட்டில் "இன்க்ளூஷன் பாடி": இது என்ன நோய்?

கேள்வி: முப்பது நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். ஏழெட்டுக் கோழிக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்து கருப்பாகக் காய்ந்திருக்கிறது. இரண்டு கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கியே செத்துவிட்டன. டாக்டர் தோலையும் தொண்டையையும் எடுத்து அனுப்பினார். "செல்லின் சைட்டோபிளாசத்தில் இன்க்ளூஷன் பாடிகள் உள்ளன" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது ஏதாவது புழுவா? மற்றக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடலாமா?

பதில்: வணக்கம் ஐயா. புழு இல்லை, பயப்படாதீர்கள். உங்கள் கோழிகளுக்கு வந்திருப்பது கோழி அம்மை. மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடலாம், உடனே போடுங்கள்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு சொல்தான் முக்கியம், "சைட்டோபிளாசத்தில்", அதாவது செல்லுக்குள் நடுவிலிருக்கும் உட்கருவைச் சுற்றியுள்ள பகுதியில். வைரஸ் செல்லுக்குள் புகுந்து பெருகும்போது, அது பெருகும் இடம் ஒரு உருண்டையாகத் திரண்டு நிற்கும், அதைத்தான் இன்க்ளூஷன் பாடி என்கிறார்கள். கொப்புளத்தை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உப்பிப்போன தோல் செல்லுக்குள் ஊதா நிறத்தில் உட்கரு ஒரு ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும், பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பெரிய திவலை தெரியும். கோழி அம்மையில் வரும் இதற்குப் போலிஞ்சர் பாடி என்று பெயர்.

இடம் ஏன் முக்கியம் என்றால், வாயைத் திறந்து மூச்சுத் திணறிச் சாகிற இன்னொரு நோய் இருக்கிறது, ஐ.எல்.டி என்கிற மூச்சுக்குழல் நோய், அதில் கோழி இருமி ரத்தச் சளி கூடத் துப்பும். அதிலும் இன்க்ளூஷன் பாடி வரும், ஆனால் உட்கருவுக்குள்ளே இருக்கும், அதுவும் நோயின் முதல் சில நாளில்தான் தெளிவாகத் தெரியும். உங்கள் கோழிகளில் அது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. செத்த இரண்டுக்கும் அம்மை தொண்டைக்குள்ளும் இறங்கி, மஞ்சள் படலம் கட்டி மூச்சுக்குழல் வாயை அடைத்திருக்கும்.

அந்தத் திவலை வெறும் அடையாளம் மட்டும் இல்லை. 1929-இல் வுட்ரஃப், குட்பாஸ்சர் என்ற இருவர் ஒரு செல்லிலிருந்து இன்க்ளூஷன் பாடியைத் தனியே பிரித்துக் கழுவி, நல்ல கோழியின் தோலில் குத்திப் பார்த்தார்கள், அந்த ஒன்றே போதும், அம்மை வந்தது. உதிர்கிற பக்கு ஒவ்வொன்றிலும் இப்படி எத்தனை இருக்கும் என்று பாருங்கள்! காய்ந்த பக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் பக்கைப் பிய்க்க வேண்டாம், ரத்தம் வரும், மற்றதுக்கும் பரவும். தானாக உதிர்ந்ததைக் குப்பையோடு கூட்டி எரித்துவிடுங்கள். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள், ஈ மொய்க்காது.

நோய்க் கோழிகளைத் தனியே கட்டுங்கள். கொசுதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது, கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள், சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள். ஆன்டிபயாடிக் வாங்கிப் பணத்தை விடாதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது, புண்ணில் சீழ் வைத்தால் மட்டும் டாக்டர் சொல்லித் தரலாம். கண் மூடிப்போன கோழிக்குத் தீனியும் தண்ணீரும் கையால் கொடுங்கள், பட்டினியில் சாகிறதுதான் அதிகம். தோல் அம்மை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். மனிதர்களுக்கு வரும் அம்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வீட்டுக் குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தடுப்பூசியைக் கொப்புளம் வராத கோழிகளுக்கு மட்டும் இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். ஏழிலிருந்து பத்து நாள் கழித்துச் சிறகை விரித்துப் பாருங்கள், குத்தின இடத்தில் சின்ன வீக்கமோ பக்கோ இருந்தால் ஊசி பிடித்திருக்கிறது. பெரும்பாலான கோழிகளில் ஒன்றுமே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள். இனி வரும் குஞ்சுகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.