முதல் ஆண்டில் எத்தனை புள்ளி?

ஐயா,

ஐஸ் ஹாக்கி அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023இல் முதலாவதாகத் தேர்வான கானர் பெடார்ட், அதற்கு முந்தைய பருவத்தில் ஜூனியர் லீகில் 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் (கோலுக்கும், கோலுக்கு உதவும் பாஸுக்கும் தலா ஒன்று) குவித்தவர். வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்.எச்.எல்.லில் முதல் ஆண்டு எடுத்ததோ 61தான். 2005இல் முதல் தேர்வான சிட்னி கிராஸ்பி முதல் ஆண்டிலேயே 102 எடுத்தாரே! முதல் தேர்வு என்றால் 90ஆவது எதிர்பார்க்கக் கூடாதா?

– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

அன்புள்ள நண்பருக்கு,

கூடாது என்பேன். தாடை எலும்பு முறிந்ததால் பெடார்ட் ஆடியது 68 ஆட்டங்கள்தான். அவருடைய சிகாகோ அணி அந்த ஆண்டு லீகில் கடைசிக்கு முந்தைய இடம். அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் இந்தப் பதினெட்டு வயதுப் பையன். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. இதற்கு மேல் என்ன கேட்பது?

கிராஸ்பியை எல்லோரும் இழுக்கிறார்கள். அவர் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். சம்பளத் தகராறில் அணி உரிமையாளர்கள் செய்த கதவடைப்பால் 2004-05 பருவம் முழுவதும் ரத்தானது. மீண்டும் தொடங்கியபோது, எதிராளியைப் பிடித்து இழுப்பதையும் மட்டையால் கொக்கி போடுவதையும் நடுவர்கள் சற்றும் பொறுக்கவில்லை. தண்டனைகள் பெருகின, ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர்பிளே வாய்ப்புகளும் பெருகின. அதே ஆண்டு புதுமுகமாக வந்து 106 எடுத்த ஒவெச்கினுக்கு அப்போது வயது 20. கிராஸ்பி அபூர்வத் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த முதல் தேர்வுகளில், புதுமுக ஆண்டில் ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் எடுத்தவர் மெக்டேவிட் ஒருவர்தான்: 45 ஆட்டங்களில் 48.

மற்ற முதல் தேர்வுகளின் முதல் ஆண்டைப் பாருங்கள். மெக்கினன் 63, செலிப்ரினி 63. மேத்யூஸ் 69 எடுத்தார். அவர் அதற்கு முன் ஓராண்டு சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிவிட்டு வந்தவர். ஸ்டாம்கோஸ் 46. ஆகவே முதல் தேர்வாக வரும் முன்கள வீரர் 50 முதல் 65 வரை எடுத்தால் அது மிக நல்ல ஆண்டு என்பது என் கணக்கு. இரண்டாம், மூன்றாம் தேர்வுகளுக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். 2014இல் மூன்றாவதாகத் தேர்வான டிரைசைட்டில் 37 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு ஜூனியர் லீகுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். 2020இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு!

ஜூனியரில் எதிரே நிற்பவர்களும் பையன்கள். அங்கே நட்சத்திர வீரன் பவர்பிளே முழுவதும் பனியில் நிற்பான். என்.எச்.எல்.லில் அந்த இடம் அணியைப் பொறுத்தது. லஃப்ரெனியேர் 2020இல் முதல் தேர்வாக நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு வந்தபோது முதல் பவர்பிளே வரிசையில் பனாரின், ஸிபனெஜாட், கிரைடர் எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். 56 ஆட்டங்களில் அவர் எடுத்தது 21. தோற்றுப்போன தேர்வு என்று அன்றே எழுதித் தீர்த்தார்கள்; 2023-24இல் 28 கோல் அடித்தார். 2019இன் முதல் தேர்வு ஜாக் ஹியூஸும் 21 புள்ளிகளில் தொடங்கி, நான்காம் ஆண்டில் 99ஐத் தொட்டவர்தான்.

அதனால் அடுத்த முறை ஒரு பையனைக் கணிக்கும்போது அவனுடைய ஜூனியர் புள்ளிகளை ஓரமாக வையுங்கள். யாரோடு ஒரே வரிசையில் ஆடுகிறான், முதல் பவர்பிளேயில் இடம் உண்டா என்று பாருங்கள். தற்காப்பு வீரர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 2018இல் முதல் தேர்வான தற்காப்பு வீரர் டாலின் 2018-19இல் எடுத்த 44ஐ நான் பெடார்டின் 61க்கு மேலாகவே வைப்பேன்.

அன்புடன்.