தலைவலி: சிக்னல் புகையா, சொந்த வண்டியின் புகையா?

கேள்வி: தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் காரில் போகிறேன். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை ரீசர்குலேஷனிலேயே (உள்காற்றே சுற்றும் நிலை) வைத்திருப்பேன். இறங்கும்போது தலை கனக்கிறது. கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ? பழைய பெட்ரோல் கார். பொல்யூஷன் சர்ட்டிபிகேட் இருக்கிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: இருக்கலாம். ரீசர்குலேஷன் வெளிப்புகையைக் குறைக்கும். ஆனால் நாம் விடும் மூச்சுக்காற்றும் உள்ளேயே தேங்கும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடே தலைபாரம் தரும். எனவே நெரிசல் விட்டதும் சில நிமிடம் ஃப்ரெஷ் ஏருக்கு மாற்றிப் பாருங்கள். காலியான ரோட்டில் ஓட்டும்போதும் வலித்தால், உங்கள் வண்டியையே சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் மெக்கானிக்கிடம் பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தின் அடைப்பு) போயிருக்கும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் குறைகிறது. இணைப்பு ஓரத்தில் கரிக்கோடும் தெரியும். இந்தக் கசிவுதான் மோசமானது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்பே வெளியேறுவதால் அது சுத்திகரிக்கப்படாத புகை. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஃப்ளெக்ஸ் பைப் (வளையக்கூடிய புகைக்குழாய்), சைலன்சர் ஜாயின்ட்களில் சோப்பு நீர் தெளித்து, எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிக்கி ரப்பர், தரையிலுள்ள ரப்பர் அடைப்புகள் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அவற்றின் வழியாகவும் புகை உள்ளே நுழையும்.

பொல்யூஷன் டெஸ்ட்டில் சைலன்சர் நுனியில்தான் அளக்கிறார்கள். வழியில் கசிவது அதில் தெரியாது. ஏ.சி. ஃபில்டர், கரி சேர்த்தது என்றாலும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது. அதன் அளவை பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி மூக்கு உயரத்தில் வைத்து ஓட்டுங்கள். சிக்னலில் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் அது ஊர்ப்புகை. காலி ரோட்டிலும் ஏறிக்கொண்டே போனால் கண்ணாடிகளை இறக்கி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: காரில் மயக்கம் வந்தவருக்கு விரல் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் பயமில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: அந்த எண்ணை நம்பவே கூடாது. ஹீமோகுளோபினுடன் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று சாதாரண ஆக்சிமீட்டருக்குப் பிரித்தறியத் தெரியாது. அவரைக் காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். கார் புகையைச் சுவாசித்திருக்கலாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரமாகும். மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.