2006 ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக்: சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, பெரிய ஆயில் பம்ப் போடலாமா?

இந்த 6.0 டீசல் எஞ்சின் உள்ள உங்கள் எஃப்-250 டிரக் குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடானதும் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் உயர் அழுத்த ஆயில் கசிவுதான். பம்பை இப்போதைக்கு விடுங்கள்.

இந்த எஞ்சினில் இன்ஜெக்டரை இயக்குவதே எஞ்சின் ஆயிலின் அழுத்தம். ஸ்டார்ட் ஆக ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ வேண்டும். சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாக நழுவிவிடும், அழுத்தம் ஏறாது. குளிரில் அதே ஓட்டையைக் கெட்டியான ஆயில் ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

முதலில் ஸ்கேனரில் கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டர் சுற்றும்போது) ஐசிபி, அதாவது இன்ஜெக்டரை இயக்கும் ஆயில் அழுத்தத்தின் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால், வலப்பக்க வால்வு கவரில் உள்ள ஐசிபி சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் காற்றைச் செலுத்துங்கள். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஐபிஆர் வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்து மூடி வைத்தால்தான் இந்தச் சோதனை செல்லும். வால்வு கவருக்கு அடியில் சீறினால் கசிவது ஸ்டாண்ட்பைப் (ஆயிலை மேலே கொண்டுபோகும் குழாய்), டம்மி பிளக் (ஆயில் பாதையை அடைக்கும் மூடி) அல்லது இன்ஜெக்டர் ஓ-ரிங். பின்பக்கம் டர்போவுக்குக் கீழே சீறினால் பம்ப் வெளியேற்றத்தில் இருக்கும் எஸ்டிசி ஃபிட்டிங் (சொருகிப் பூட்டும் குழாய் இணைப்பு) மேல்தான் முதல் சந்தேகம்.

உண்மையான அப்கிரேடு இவைதான்: திருத்திய வடிவ ஸ்டாண்ட்பைப், டம்மி பிளக், எஸ்டிசிக்குப் பதில் ஒரே துண்டாக வரும் ஃபிட்டிங். அப்படியே ஐபிஆரின் சல்லடை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய இன்ஜெக்டர் போடாதவரை ஒரிஜினல் பம்பே தாராளம். பணத்தை ஓ-ரிங்கிலும் சுத்தமான ஆயிலிலும் போடுங்கள்.