1893 சிகாகோ கண்காட்சி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி பற்றிக் கேட்கலாம். கொலம்பஸ் அமெரிக்கக் கரையைத் தொட்ட 400-வது ஆண்டுக்கான விழா அது. வேலை முடியாமல் ஒரு வருடம் தாமதமாகத்தான் திறந்தார்கள். கட்டுமானமும் மின்சாரமும் என் பக்கம். நாணயம், தபால்தலைக்கு விலை கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று, "முதன்முதலில் அங்கேதான்" என்று ஆரம்பிக்கிற எந்தச் செய்தியையும் உடனே நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து: ஐயா, சுவாமி விவேகானந்தர் பேசியது அந்தக் கண்காட்சி மைதானத்தில்தானே?

இல்லை. மைதானம் ஊருக்குத் தெற்கே, ஏரிக்கரையில் ஜாக்சன் பூங்காவில் இருந்தது. சர்வமத மாநாடு அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, மிச்சிகன் அவென்யூவில் அப்போதுதான் எழும்பியிருந்த புதுக் கட்டடத்தில் நடந்தது. கண்காட்சியை ஒட்டிப் பல துறை மாநாடுகளை அங்கே வைத்தார்கள், அவற்றில் இது ஒன்று. கண்காட்சி முடிந்ததும் அந்தக் கட்டடம் சிகாகோ கலை நிறுவனத்தின் கைக்குப் போனது, இன்றும் இருக்கிறது. அவர் செப்டம்பர் 11 அன்று பேசிய கொலம்பஸ் மண்டபம் மட்டும் அதனுள் தற்காலிகமாகப் போட்டது, இப்போது கிடையாது.

சென்னையில் விவேகானந்தரின் சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி வசூலித்த பணத்தில்தான் பயணத்தின் பெரும்பகுதி நடந்தது. ஜூலைக் கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தால், மாநாடு செப்டம்பரில்தான், பெயர் கொடுக்கும் தேதியும் போய்விட்டது, தகுதிச் சான்று வேறு வேண்டும் என்றார்கள். கண்காட்சியைச் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, கைப்பணம் கரைகிறதே என்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு கிரேக்கப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் கொடுத்த சிபாரிசுக் கடிதம்தான் மேடை வரை கொண்டுபோனது. அதே மேடையில் இலங்கையிலிருந்து வந்த அநகாரிக தர்மபாலாவும், சமணர்கள் சார்பில் வீர்சந்த் காந்தியும் பேசினார்கள். பேச்சின் தத்துவத்தை என்னிடம் கேட்காதீர்கள், அது எனக்குக் கைவராத விஷயம்.

கோவையிலிருந்து: பொருட்காட்சியில் சுற்றுகிற ஜெயன்ட் வீல் அங்கேதான் பிறந்ததாமே, அண்ணா? அவ்வளவு பெரிய சக்கரம் எப்படி நின்றது?

பிறந்தது அங்கே இல்லை. மர ராட்டினங்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே உண்டு. 1892-லேயே வில்லியம் சோமர்ஸ் என்பவர் அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் ஐம்பதடி மரச்சக்கரம் நிறுவியிருந்தார். ஃபெர்ரிஸ் மீது அவர் வழக்குகூடப் போட்டார், நிற்கவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி.

1889-ல் பாரிஸ் 300 மீட்டர் ஈஃபில் கோபுரத்தை நிறுத்திவிட்டது. அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று சிகாகோவின் தலைமைக் கட்டடக்கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் பொறியாளர்களைச் சீண்டினார். பாலங்களுக்கான எஃகைச் சோதித்துத் தரம் சொல்கிற தொழில் நடத்திய ஜார்ஜ் ஃபெர்ரிஸ், 264 அடி உயரத்துக்கு ஒரு சக்கரத்தை வரைந்து கொண்டுவந்தார். கம்பிகள் இத்தனை மெல்லிசா என்று எல்லோரும் பயந்தார்கள். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரம் கீழ் ஆரக்கால்களின் மேல் உட்காரும். ஃபெர்ரிஸ் சக்கரத்தில் கீழ்ப்பாதி அச்சிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கியது, மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் வளைவாக நின்றது. இழுவிசையை மட்டும் தாங்கினால் போதும் என்றால் கம்பி தடியாக இருக்கத் தேவையில்லை.

அஸ்திவாரம் போட்ட கதை இன்னும் சுவாரசியம். நடுக் குளிர்காலம், மேல்மண் கல்லாக உறைந்திருந்தது, கீழே புதைமணல். நீராவி பாய்ச்சி மண்ணை இளக்கித் தோண்டினார்கள், கான்கிரீட் உறையாமலிருக்கவும் அதே நீராவிதான். அச்சு மட்டும் 45 அடி நீளம், 40 டன்னுக்கு மேல் எடை. ஒரே துண்டாக அடித்த அதை 140 அடிக் கோபுரங்களின் உச்சிக்கு ஏற்றினார்கள். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், ஆக ஒரே நேரத்தில் 2,160 பேர். கட்டணம் 50 சென்ட், கண்காட்சி நுழைவுச்சீட்டு விலையும் அதேதான். மே மாதமே ஓடியிருக்க வேண்டியது, ஜூன் 21-தான் ஓடியது. ஃபெர்ரிஸ் 1896-ல் 37 வயதில் டைஃபாய்டில் இறந்தார். சக்கரம் 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலும் ஓடியது, 1906-ல் வெடிவைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து: சார், மொத்தக் கண்காட்சிக்கும் வெளிச்சம் போட்டது டெஸ்லா. எடிசன் சதி செய்து தடுக்கப் பார்த்தார். சரிதானே?

பாதிகூடச் சரியில்லை. விளக்கு ஒப்பந்தத்தை எடுத்தது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம். போட்டிக் கம்பெனியான ஜெனரல் எலெக்ட்ரிக் கேட்டது ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல், வெஸ்டிங்ஹவுஸ் கேட்டது 3,99,000. டெஸ்லாவின் மாறுமின்னோட்டக் காப்புரிமைகளை அந்த நிறுவனம் 1888-லேயே வாங்கியிருந்தது. அவர் அங்கே காட்சியும் வைத்திருந்தார், ஆனால் ஒப்பந்ததாரர் அவர் இல்லை.

சென்னையிலிருந்து: டெஸ்லா ரசிகர்கள் எப்போதும் இப்படித்தான். எடிசன் பல்பு இல்லாமல் எந்த வெளிச்சம்?

மறுபடி திருச்சி: எடிசன் பல்பை விற்க மறுத்தார் என்பதும் தெரியாமல் பேசாதீர்கள். அதற்குப் பெயர் சதி இல்லையா?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். ஒரே துண்டுக் கண்ணாடிக் குமிழ் கொண்ட எடிசன் பல்பின் காப்புரிமை செல்லும் என்று 1892 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உரிமை இருந்த இடம் ஜெனரல் எலெக்ட்ரிக். எடிசன் நிறுவனம் அந்த ஆண்டுதான் இன்னொன்றோடு சேர்ந்து அப்படி ஆகியிருந்தது, அதன் கடிவாளம் எடிசன் கையில் இல்லை. போட்டிக் கம்பெனிக்கு உரிமை தர மறுப்பது சதி ஆகாது, வியாபாரம். வெஸ்டிங்ஹவுஸ் வேறு வழி பார்த்தார். குமிழை ஒரு துண்டு, அடைப்பானை ஒரு துண்டு என்று இரண்டாகச் செய்து ஒட்டினார். காற்று கசிந்து சீக்கிரமே போய்விடும் பல்பு. மாற்றுவதற்கென்றே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எரிந்தது.

சென்னை: அப்படியென்றால் எடிசன் தரப்புக்கு அங்கே இடமே இல்லையா?

தாராளமாக இருந்தது. மின்சார மண்டபத்தின் நடுவில் நின்ற ஒளிக்கோபுரம் ஜெனரல் எலெக்ட்ரிக் வைத்தது. மைதானத்துக்குள் ஓடிய உயர்மட்ட மின்ரயிலும் அவர்களுடையதே, நேர்மின்னோட்டத்தில் ஓடியது. இரண்டு வகை மின்சாரமும் ஒரே மைதானத்தில் ஓடின, உங்கள் சண்டைக்குத்தான் அது வசதிப்படவில்லை. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். நயாகரா அருவி மின்னாக்கிகளுக்கான ஒப்பந்தம், கண்காட்சி முடிகிற அதே அக்டோபரில் வெஸ்டிங்ஹவுஸுக்குப் போனது. 1896 நவம்பரில் அந்த மின்சாரம் பஃபலோ நகரத்துக்குப் பாய்ந்தது. மாறுமின்னோட்டம் பெரிய அளவில் நம்பகமாக ஓடும் என்பதை லட்சக்கணக்கானவர்கள் கண்ணால் பார்த்தது சிகாகோவில். இதற்கு மேல் டெஸ்லா, எடிசன் பெயரில் வரும் கேள்விகளைப் படிக்கப் போவதில்லை.

ஹட்டனிலிருந்து: ஐயா, இலங்கைக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்ததாமே? எங்கள் பாட்டன் காலத்துத் தேயிலையும் போயிருக்குமா?

போயிருக்கிறது. 'சிலோன் கோர்ட்' என்ற அந்த மண்டபத்தை இலங்கை மரங்களில் செதுக்கி எடுத்துப்போய்ப் பொருத்தினார்கள். முக்கிய நோக்கமே தேயிலை விளம்பரம். 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்து, தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறியிருந்த காலம். அமெரிக்கச் சந்தையைப் பிடிக்க அங்கேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளியது தமிழ்நாட்டிலிருந்து போன உங்கள் முன்னோர்கள். செதுக்கிய தூண்களைப் பாராட்டி எழுதியவர்கள் நிறையப் பேர், கொழுந்து கிள்ளியவர்களைப் பற்றி எழுதியவர்கள்தான் குறைவு. முடிந்ததும் மண்டபத்தைப் பிரித்து விஸ்கான்சினில் லேக் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பணக்காரரின் கோடைவீடாக நிறுத்தினார்கள்.

சேலத்திலிருந்து: ஐஸ்கிரீம் கோன், ஹாம்பர்கர், ஜிப் எல்லாம் அங்கே முதன்முதலில்...

சொன்னேனே! கோன் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வது 1904 செயின்ட் லூயிஸ், அங்கேயும் நான்கைந்து பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். ஜிப்புக்கு முன்னோடியான ஜட்சனின் கொக்கிப்பூட்டை அங்கே வைத்திருந்தார்கள், யாரும் சீந்தவில்லை. ஜோசஃபின் காக்ரேனின் பாத்திரம் கழுவும் இயந்திரம் நன்றாக ஓடியது, ஆனால் காப்புரிமை 1886-லேயே வாங்கியது.

ஈரோட்டிலிருந்து: கொலைகார ஹோட்டல் நடத்திய ஹோம்ஸ் பற்றி...

1896-ல் தூக்கில் போட்டார்கள். 27 கொலை என்று ஒப்புக்கொண்டான், அந்தப் பட்டியலில் சிலர் உயிரோடு இருந்தார்கள். மிச்சம் பத்திரிகைக்காரர்கள் கட்டியது.

தஞ்சாவூரிலிருந்து: வெள்ளையடித்த அந்தக் கண்காட்சியை 'வெள்ளை நகரம்' என்பார்களே, அங்கே கறுப்பின மக்களுக்கு இடம் இருந்ததா, அண்ணா?

பார்வையாளராக வரலாம். நிர்வாகத்திலும் காட்சிகளிலும் ஏறக்குறைய இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ்கூட அமெரிக்காவின் சார்பில் அல்ல, ஹைட்டி நாட்டின் பிரதிநிதியாகத்தான் நின்றார். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் அவரையும் சேர்த்துக்கொண்டு, கறுப்பின அமெரிக்கர் ஏன் இங்கே இல்லை என்று ஒரு சிறுநூலே அச்சிட்டு, ஹைட்டி மண்டபத்தில் உட்கார்ந்து விநியோகித்தார். ஆகஸ்ட் 25-ஐ அவர்களுக்கான தனி நாளாக ஒதுக்கியபோது, அது கேலிக்கூத்தாகும் என்று முதலில் எதிர்த்தவரும் வெல்ஸ்தான். கேளிக்கைப் பகுதியான மிட்வேயிலோ மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி, ஜாவா மக்களை 'கிராமம்' என்ற பெயரில் காட்சிக்கு வைத்துக் காசு வாங்கினார்கள். இந்தக் கண்காட்சியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ராட்டினத்தோடு மிட்வேயை முடித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் வந்தால் எச்சரிக்கையாகப் படியுங்கள்.

நெல்லையிலிருந்து: விவேகானந்தர் பேசிய மைதானம் இப்போது...

மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், தம்பி.

புதுச்சேரியிலிருந்து: சிகாகோ போகிறேன், சார். எதைப் பார்க்கலாம்? ஏன் எதுவுமே மிஞ்சவில்லை?

பளிங்குபோலத் தெரிந்ததெல்லாம் சாந்தும் சணல்நாரும் கலந்த பூச்சு. இரும்பு, மரச் சட்டத்தின் மேல் அப்பி வெள்ளையடித்தார்கள். ஆறு மாதம் நின்றால் போதும் என்று கட்டியது, பெரும்பகுதி 1894 தீயில் போனது. பெரிய மண்டபங்களில் நுண்கலை மண்டபம் மட்டும் தப்பியது. இரவல் வாங்கிய ஓவியங்களுக்குத் தீப்பாதுகாப்பு வேண்டும் என்று உள்ளே செங்கல்லில் கட்டியிருந்தார்கள். பின்னால் கல் போர்த்தி 1933-ல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், அதை அவசியம் பாருங்கள். பூங்காவில் நிற்கும் தங்க முலாம் பூசிய குடியரசுச் சிலை மூலச்சிலை அல்ல, 1918-ல் வைத்த சிறிய நகல். மிட்வே இன்று பல்கலைக்கழகத்தை ஒட்டிய நீளமான புல்வெளி.

கண்ணுக்குத் தெரியாத மிச்சம் நகரத் திட்டமிடலில் இருக்கிறது. பர்ன்ஹாம் அந்த அனுபவத்தோடு வாஷிங்டன் திட்டத்திலும் 1909 சிகாகோ திட்டத்திலும் இறங்கினார். சக கட்டடக்கலைஞர் லூயி சல்லிவனுக்குக் கண்காட்சிக் கட்டடங்களின் ரோமானிய வேஷம் பிடிக்கவே இல்லை, அமெரிக்கக் கட்டடக்கலைக்கு அதனால் அரை நூற்றாண்டுச் சேதம் என்றார். வங்கிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் தூண் வைத்தே தீர்த்த அந்த ஊர்களைப் பார்த்தால் அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஏரிக்கரையைப் பொதுமக்களுக்கு விட வேண்டும் என்று 1909 திட்டத்தில் பிடிவாதமாக எழுதியவரும் பர்ன்ஹாம்தான்.

நார்வே மண்டபம் விஸ்கான்சினில் இருக்கிறது என்று பழைய வழிகாட்டிகளில் போட்டிருக்கும். 2015-ல் அதைப் பிரித்து நார்வேக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள், தேடி அலையாதீர்கள்.