ஏஐ வந்த பிறகு சாஃப்ட்வேர் ப்ராடக்ட் டீம்களில் வேலை எப்படி மாறியிருக்கிறது? மேனுவல் டெஸ்டர்களுக்கு இனி இடம் உண்டா?

சென்னையில் சிறு வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜராக இருக்கிறேன். எங்கள் டீமில் பார்ப்பதையும், இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் சொல்வதையும் வைத்துத்தான் இந்தப் பதில். வங்கி, மருத்துவம் போன்ற துறைகளில் கதை வேறாக இருக்கலாம்.

கோட் எழுதும் நேரம் குறைந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஃபீச்சர் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. நெரிசல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு டெவலப்பர் எப்போது ஃப்ரீ ஆவார் என்று செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் டிக்கெட்டுகள், அதாவது வேலைக் குறிப்புகள், காத்துக் கிடக்கும். இப்போது "யாராவது ரிவ்யூ பண்ணுங்கப்பா" என்று பிஆர்கள், அதாவது எழுதிய கோடைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள், காத்துக் கிடக்கின்றன. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி முன்னோட்டமாக வந்தபோது, நாம் பாதி எழுதிய வரியை அது முடித்துக் கொடுத்தது. இன்றைய ஏஜென்ட்டுகளிடம், அதாவது தானாகவே வேலையைச் செய்து முடிக்கும் ஏஐ கருவிகளிடம், டிக்கெட்டைக் கொடுத்தால் மொத்தக் கோடும் இருக்கும் ரெப்போவைப் படித்து, தேவையான ஃபைல்களைத் திருத்தி, டெஸ்ட் எழுதி ஓட்டி, பிஆர் வரை போட்டுவிடுகின்றன. படிக்க வேண்டியது மட்டும் மனிதர்.

எங்கள் டீமில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டிக்கெட்டில் இருந்தது ஒரே வரி: இன்வாய்ஸில் சதவீதத் தள்ளுபடி வசதி வேண்டும். முன்பென்றால் டெவலப்பர் நாற்காலியைத் திருப்பி, "தள்ளுபடியைக் கழிச்சிட்டு ஜிஎஸ்டியா, ஜிஎஸ்டி போட்டுட்டுத் தள்ளுபடியா?" என்று கேட்டிருப்பார். ஏஜென்ட் கேட்கவில்லை. அதுவாகவே இரண்டாவதை எடுத்துக்கொண்டு எழுதியது. அதற்கேற்ற டெஸ்ட்டுகளையும் அதுவே எழுதிக்கொண்டது. எல்லா டெஸ்ட்டும் பச்சை, பாஸ்.

1,000 ரூபாய்ப் பொருள், 18 சதவீத வரி, 10 சதவீதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தள்ளுபடி என்றால் 900, வரி 162, மொத்தம் 1,062. கடைசியில் தள்ளுபடி என்றால் 1,000, வரி 180, ஆக 1,180. அதில் 10 சதவீதம் போனால் அதே 1,062. சதவீதக் கணக்கு என்பதால் எந்த வழியில் போனாலும் மொத்தம் ஒன்றுதான். ரிவ்யூ செய்தவர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு ஓகே கொடுத்தார். எங்கள் டெஸ்டர் அக்கா, முன்பு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர், மொத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக ஜிஎஸ்டி காட்டும் கட்டத்துக்குப் போனார். மத்திய ஜிஎஸ்டி 81, மாநில ஜிஎஸ்டி 81 என்று இருக்க வேண்டிய இடத்தில் 90, 90 என்று இருந்தது. பில்லிலேயே காட்டிக் கொடுக்கும் தள்ளுபடியைக் கழித்த மதிப்புக்குத்தான் வரி. ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் பார்க்காமல் போயிருந்தால், எங்கள் மென்பொருளை நம்பிய கடைக்காரர் அந்த மாதிரி ஒவ்வொரு பில்லுக்கும் 18 ரூபாய் வரியைக் கைக்காசில் கட்டியிருப்பார்.

ஏஐ தப்பு செய்யும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதரும்தான் தப்பு செய்கிறார். என் கவலை அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. டெவலப்பர்கள் நடுநடுவே வந்து "இப்படி வந்தா என்ன பண்ணணும்?" என்று நச்சரிப்பார்களே, ஃபீச்சர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் எங்கள் ஸ்பெக்கில் பாதி அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. இப்போது அந்த நச்சரிப்பு இல்லை. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. சிறு சிறு கட்டமாக, பேசிப் பேசி வேலை செய்யும் அஜைல் முறை வந்து டாக்குமென்ட் சுமை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்ட தலைமுறை நாங்கள். இன்று ரெப்போவுக்குள்ளேயே ஏஜென்ட் படிப்பதற்கென்று ஒரு விதிமுறை ஃபைல் இருக்கிறது. தள்ளுபடி எப்போதும் வரிக்கு முன் என்பது அதில் ஒரு விதி. அந்த ஃபைலை யார் பராமரிப்பது என்பதில் எங்களுக்குள் அவ்வப்போது சண்டை நடக்கும்.

வேகம் உண்மையிலேயே கூடுகிறதா என்று கேட்டால், ஆய்வுகளே இரண்டு விதமாகச் சொல்கின்றன. கிட்ஹப் தரப்பு நடத்திய ஒரு சோதனையில் 95 டெவலப்பர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஹெச்டிடிபி சர்வர் எழுதச் சொன்னார்கள். கோபைலட் வைத்திருந்தவர்கள் சுமார் 55 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். 2025 ஜூலையில் மீட்டர் (METR) என்ற ஏஐ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்ட 16 டெவலப்பர்கள், சொந்த ரெப்போவில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இதைவிட எனக்குச் சுவாரசியமானது, வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நினைத்தார்கள் என்பது. இரண்டுமே சரியாக இருக்க முடியும். வெற்றுத் தாளில் புதிதாக எழுதுவது வேறு, பத்து வருடப் பழைய கோடில் ஒரு வரியை மாற்றுவது வேறு. பெரும்பாலான ப்ராடக்ட் டீம்கள் இரண்டாவதைத்தான் தினமும் செய்கின்றன. அந்த ஆய்வு 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து நடந்தது, அதற்குப் பிறகு கருவிகள் நிறையவே தேறியிருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் வேலையில் வந்த மாற்றம் சின்னது. முன்பு கட்டம் போட்டுப் படம் வரைந்து விளக்கியதை, இப்போது நானே ஓடும் புரோட்டோடைப்பாகச் செய்து காட்டுகிறேன். வாடிக்கையாளரிடம் கொடுத்துப் பார்க்க அருமையாக இருக்கிறது. ஒரே தொல்லை சேல்ஸ்காரர்கள். "இதான் ரெடியா இருக்கே, அப்புறம் எதுக்கு ஒரு மாசம்?" என்பார்கள். 2025 பிப்ரவரியில் வைப் கோடிங் (கோடைப் படிக்காமலே ஏஐயிடம் சொல்லிச் சொல்லி மென்பொருள் செய்வது) என்ற சொல்லைக் கிளப்பிவிட்ட ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பதியே, அது தூக்கிப் போடப்போகும் வார இறுதி ப்ராஜெக்ட்டுகளுக்குப் பரவாயில்லை என்றுதான் அப்போது எழுதினார். அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

சரி, டெஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட் கேஸ் ஷீட்டைத் திறந்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, பாஸ், ஃபெயில் என்று நிரப்புவதுதான் உங்கள் முழு வேலை என்றால் அது போய்க்கொண்டிருக்கிறது. மறைத்துப் பேசிப் பயனில்லை. பிரவுசரை ஓட்டிப் பார்த்து ரெக்ரஷன் எடுப்பதை, அதாவது புது மாற்றத்தால் பழையது எதுவும் உடைந்ததா என்று சோதிப்பதை, ஏஜென்ட்டுகள் சலிக்காமல் செய்கின்றன. ஆனால் எது சரி என்று தெரிந்தவருக்கான தேவை கூடியிருக்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போது ப்ராடக்டுக்குள்ளேயே ஏஐ உட்கார்ந்திருக்கிறது. எங்கள் சப்போர்ட் சாட்பாட்டிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால் பதில் இரண்டு விதமாக வரும். எதிர்பார்க்கும் முடிவு என்று ஷீட்டில் ஒற்றை வரியை எழுதிவைத்துச் சோதிக்க முடியாது. அதனால் வாடிக்கையாளர்கள் நிஜமாகவே கேட்ட கேள்விகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பதிலில் என்ன கட்டாயம் இருக்க வேண்டும், என்ன இருக்கவே கூடாது என்று எழுதி, ஏஐ மாடலையோ, அதற்குக் கொடுக்கும் கட்டளையான ப்ராம்ப்ட்டையோ மாற்றும்போதெல்லாம் மதிப்பெண் போடுகிறோம். இவால் என்பார்கள். எங்கள் கடைக்காரர்கள் "பில் வரல சார்" என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள். பில் பிரின்ட் ஆகவில்லையா, சப்ளையரிடமிருந்து பில் வரவில்லையா, வாட்ஸப்பில் போகவில்லையா? பழைய சப்போர்ட் டிக்கெட்டுகளைப் படித்தவருக்குத்தான் தெரியும். எங்கள் இவால் தொகுப்பைக் கட்டியது அதே டெஸ்டர் அக்காவும் சப்போர்ட்டில் இருக்கும் ஒரு தம்பியும்தான். இது ஏனோதானோ என்று விடக்கூடிய வேலையும் இல்லை. ஏர் கனடாவின் சாட்பாட், துக்கப் பயணக் கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதிட்டும், 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் கம்பெனிதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

ஆகவே ஆட்டோமேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் ப்ராடக்ட் எந்தத் துறையில் இருக்கிறதோ அந்தத் துறையைப் படியுங்கள். டெஸ்ட் ஸ்கிரிப்ட்டை ஏஜென்ட் எழுதிக் கொடுத்துவிடும்.

டெஸ்டரைவிட எனக்குக் கவலை ஃப்ரெஷர்களைப் பற்றித்தான். ஸ்பெல்லிங் திருத்துவது, பட்டன் நிறம் மாற்றுவது, சின்ன பக் என்று கொடுத்துத்தான் அவர்களைப் பழக்குவோம். அவை முழுக்க இப்போது ஏஜென்ட்டிடம் போகின்றன. எங்கள் டீமில் தற்போதைக்கு ஒரு ஏற்பாடு: ஏஜென்ட் போட்ட பிஆரை முதலில் ஃப்ரெஷர் படித்து, ஒவ்வொரு மாற்றமும் ஏன் என்று சீனியருக்கு வாயால் விளக்கிய பிறகுதான் மெர்ஜ், அதாவது முக்கியக் கோடோடு சேர்ப்பது. நேரம் பிடிக்கிறது. மேனேஜர் இரண்டு ரிவ்யூ மீட்டிங்கில் முகம் சுளித்துவிட்டார். அடுத்த காலாண்டிலும் இதைத் தொடர விடுவாரா என்று தெரியவில்லை.