ராத்திரி முழுக்க முழித்திருக்கும் காதலன்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ‘ட்வைலைட்’ நாவல்கள் நான்கையும் லீவில் இரண்டு தடவை படித்துவிட்டாள். ரத்தக்காட்டேரிப் பையனுக்கும் சாதாரணப் பெண்ணுக்கும் காதலாம். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘எனக்காக ராத்திரி முழுக்க முழிச்சிருக்க ஒருத்தன் வேணும்’ என்று எழுதியிருந்தது. அதைக்கூட வயசுக் கோளாறு என்று விட்டிருப்பேன். டியூஷனில் இவள் தோழியின் போனை ஒரு பையன் தினமும் வாங்கிப் பார்க்கிறானாம், யாரிடம் என்ன பேசினாய் என்று கேட்கிறானாம். ‘அவன் ரொம்ப பொசசிவ்மா, அவ லக்கி’ என்கிறாள் என் மகள். புத்தகங்களைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புச் சகோதரிக்கு,

எடைக்குப் போடாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள்.

1897-ல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் ஓர் அம்மா வருகிறாள். மகள் லூசியை ரத்தக்காட்டேரி நெருங்கக் கூடாது என்று டாக்டர் ஒருவர் அறை முழுக்கப் பூண்டுப் பூவை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறார். எதற்காக என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. ராத்திரி எட்டிப் பார்த்தவள், இந்த நெடி பிள்ளைக்கு ஆகாதே என்று பூவையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறாள். கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைக்கிறாள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்த அறையில் எது எதற்காக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் மகளின் அலமாரியில் கை வைப்பதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டெஃபனி மேயர் எழுதிய இந்த நான்கு நாவல்களும் 2005 முதல் 2008 வரை வந்தவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓயாமல் மழை பெய்கிற ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊரில் கதை நடக்கிறது. பெல்லாவுக்கு 17 வயது. எட்வர்ட் பார்வைக்கு 17. 1918-ல் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன், அதனால் உண்மையில் நூறைத் தாண்டியவன். அவனுக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரியில் அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிட்டத்தட்ட தினமும். விஷயம் தெரிந்ததும் அவளுக்குப் பயம் வரவில்லை. தூக்கத்தில் என்ன உளறித் தொலைத்தேனோ என்ற வெட்கம்தான் வருகிறது. உங்கள் மகளின் நோட்டில் இருந்த வரி இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன், நாற்பது வயதைத் தாண்டிப் படித்த எனக்கே அந்த இடத்தில் மனசு இளகியது. நம்மை ஒருவன் இவ்வளவு கவனிக்கிறான் என்ற நினைப்புக்கு அப்படி ஒரு சக்தி. பதினாறு வயதில் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் ‘இதைப் போயா படிக்கிறாய்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவளுக்குப் பிடித்தது அந்தக் கவனிப்பு. அது கேவலமான ஆசை இல்லை.

மூன்றாம் புத்தகமான ‘எக்லிப்ஸ்’ அளவுக்காவது நீங்கள் படித்தாக வேண்டும். பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கக் கிளம்புகிறாள். அவன் ஓநாயாக மாறுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். வண்டி கிளம்பவில்லை. இருட்டில் பக்கத்து இருக்கையில் எட்வர்ட் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு பாகம். நான் இன்று ராத்திரி வர வேண்டாம் என்றால் ஜன்னலைச் சாத்திவிடு, புரிந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் கோபத்தோடு மாடிக்குப் போய் ஜன்னலை அறைந்து சாத்துகிறாள். சாத்திய கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு ஒரு பெருமூச்சு. ஜன்னலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்து வைக்கிறாள்.

வண்டியை முடக்கியவனைப் பற்றி அவளுக்கு வந்த கோபம் முழுசாக ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. மகளோடு நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

இந்த வகைக் கதைகளில் ஒரு வேலை நடக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். எட்வர்டின் பயத்துக்குக் கதையில் நிஜமான காரணம் இருக்கிறது. பெல்லாவைக் கொல்ல உண்மையிலேயே ஆட்கள் அலைகிறார்கள். ஓநாய் மனிதர்கள் கோபம் வந்தால் கட்டுப்பாட்டை இழப்பார்கள் என்பதும் நிஜம். அதோடு, ரத்தக்காட்டேரியின் மனசு ஒருமுறை ஒட்டிவிட்டால் மாறவே மாறாது என்று ஆசிரியரே உத்தரவாதம் கொடுத்துவிடுகிறார். ஆகவே பின்தொடர்ந்தாலும் தடுத்து வைத்தாலும், கடைசியில் எல்லாம் காவல் காத்ததாகவே தெரிகிறது. டியூஷன் பையனை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தோழியைக் கொல்ல எந்தக் காட்டேரியும் ஊருக்குள் அலையவில்லை. அவனுடைய மனசு மாறாது என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை. மிச்சம் இருப்பது அவள் போனை அவன் பிடுங்கிப் பார்ப்பது மட்டும்தான்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் வலித்தது எமிலியின் சமையலறை. இரண்டாம் புத்தகமான ‘நியூ மூன்’-இல் வருகிறது. எமிலியின் முகத்தில் வலது பக்கம், முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை மூன்று தடித்த வடுக்கள். ஒன்று கண்ணின் ஓரத்தைக் கீழே இழுத்திருக்கிறது, இன்னொன்று வாயைக் கோணலாக்கியிருக்கிறது. காதலன் சாம் ஒரு கணம் கோபத்தில் ஓநாயாக மாறியபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள், அவ்வளவுதான். பெல்லா முதல்முறை அந்த வீட்டுக்குப் போகும் வழியில் ஜேக்கப்பின் கூட்டத்துப் பையன்கள் ஒரு எச்சரிக்கை சொல்கிறார்கள்: எமிலியை உற்றுப் பார்க்காதே, சாமுக்குச் சங்கடமாக இருக்கும். வடு அவள் முகத்தில், சங்கடம் அவனுக்கு! அவள் எல்லோருக்கும் மஃபின் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். சாம் உள்ளே வந்து அந்த வடுக்களின் மேல் முத்தமிடுகிறான். அதைப் பார்த்துப் பெல்லாவுக்குப் பொறாமை கலந்த ஏக்கம் வருகிறது. எமிலிக்கு அன்றைக்கு எப்படி வலித்தது, என்ன நினைத்து மன்னித்தாள் என்று அவள் வாயால் நாம் கேட்கவே இல்லை. இதை மகளிடம் கேளுங்கள்: “எமிலி ஒரு டைரி எழுதியிருந்தால் அதில் என்ன இருக்கும்?” பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2015-ல் மேயரே இதே முதல் கதையை ஆண் பெண் மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ என்று எழுதினார். அதில் ரத்தக்காட்டேரி பெண், மனிதன் பையன். அதை வாங்கிக் கொடுங்கள். ஒரு பெண் ராத்திரி பையனின் அறைக்குள் வந்து நின்றால் அதே காதலாகத் தெரிகிறதா என்று உங்கள் பெண் தானாகவே யோசிப்பாள். உங்கள் புத்திமதியைவிட அது அவளுக்கு உறைக்கும்.

‘பொசசிவ்’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் ஒரு பட்டம் மாதிரி சூட்டுகிறார்கள். அந்தச் சொல்லோடு சண்டைக்குப் போகாதீர்கள். “அவ ஒருநாள் போனைத் தர மாட்டேன்னு சொன்னா அவன் என்ன செய்வான்?” என்று கேளுங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் முகம் சுருங்கும், பிறகு பேசாமல் இருந்துவிடுவான். தர மறுக்கவே அவளுக்குப் பயமாக இருக்கிறது என்றால் விஷயம் வேறு.

தோழி விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்வதையும், அவளுடைய இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் உடனே போலீஸ், அந்தப் பையனின் வீடு என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் போனை அவள் வீட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், டியூஷனையும் நிறுத்துவார்கள், அத்தோடு சரி. உங்கள் மகள் மூலமாக அந்தத் தோழியை ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பிட ஏதாவது கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள். அவன் மிரட்டுகிறான், அடித்தான், படத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறான் என்று ஏதாவது வாயிலிருந்து வந்தால், பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு நீங்களே கூப்பிடலாம். பெண்களுக்கான உதவி எண் 181-ம் இருக்கிறது. இரண்டு எண்ணையும் உங்கள் மகளிடமும் கொடுத்து வையுங்கள். தோழிகள் முதலில் அவளிடம்தான் சொல்வார்கள்.