தாத்தாவோட கண்ணாடியும் வாட்சப்புல வந்த வருஷமும்

கேள்வி: வணக்கம்ண்ணா. எங்க தாத்தா நாகர்கோவில் பக்கத்துலேர்ந்து மலாயாத் தோட்டத்துல பால்மரம் சீவ வந்தவரு. லயத்து வீட்டுல அவரு சாமி மேடையில படமே இருக்காது, ஒரு கண்ணாடியும் விளக்கும் மட்டும்தான், நெத்தியில நீளமா நாமம் போட்டு தலப்பா கட்டிட்டு கும்புடுவாரு. அது அய்யாவழின்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எங்க கோயில் மலர்ல அத பத்தி ஒரு பக்கம் எழுத சொல்லியிருக்காங்க. வாட்சப்புல வர்றதுல ஒண்ணு பல கோடி பேர் இருக்காங்கங்குது, ஒண்ணு அந்த வழிய ஆரம்பிச்ச வைகுண்டர் நேர்ல போராடி, ஒதுக்கி வச்ச ஜனங்களோட பொம்பளைங்க மேல்துணி போட்டுக்கலாம்ங்கற தோள்சீலை உத்தரவ 1859-ல வாங்கினாருங்குது, அவங்க புனித நூலான அகிலத்திரட்டு எழுதினது 1841-ன்னு எல்லாத்துலயும் இருக்கு. எத நம்புறது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, தாத்தா கண்ணாடி முன்னாடி நின்னது எதுக்குன்னு மொதல்ல எழுதுங்க, அந்தப் பக்கத்துக்கு அதுதான் உயிர். கண்ணாடியில தெரியுற உன் உருவத்துக்குள்ளயே சாமி இருக்காருங்கறது அவங்க நம்பிக்கை. தலப்பா கட்டக்கூடாது, கோயில் பக்கம் வரக்கூடாதுன்னு ஒதுக்கி வச்ச ஜனங்கள, தலப்பாவோட நிமிந்து நின்னு கும்புட வச்ச வழி அது.

1859 சங்கதி சீக்கிரம் முடிஞ்சிரும். திருவாங்கூர் ராஜா தோள்சீலை உத்தரவு போட்டது அந்த வருஷம்தான், ஆனா வைகுண்டர் 1851-லயே வைகுண்டம் போயிட்டாருன்னு அவரு பக்தர்களே சொல்றாங்க. அவரு பேச்சு அந்த ஜனங்களுக்கு தைரியம் குடுத்துச்சுன்னு தாராளமா எழுதலாம், அவரே நின்னு வாங்கினாருன்னு மட்டும் எழுதாதீங்க.

1841 கொஞ்சம் பொறுமையா பாக்க வேண்டியது, ஏன்னா எல்லாரும் சொல்றாங்கங்கறதால சரின்னு ஆயிடாது. அகிலத்திரட்டு அம்மானையிலேயே எழுதின நாள் இருக்கு, திருவாங்கூர் பக்கம் பொழங்கின கொல்லம் ஆண்டுக் கணக்குல 1016, கார்த்திகை 27. கொல்லம் வருஷத்தோட 825 கூட்டினா இங்கிலீஷ் வருஷம்னு ஒரு பழக்கம் இருக்கு, அப்படிக் கூட்டித்தான் 1841 வந்திருக்கணும். ஆனா கொல்லம் வருஷம் பொறக்கறதே ஆவணியில, அதனால ஆவணியிலேர்ந்து டிசம்பர் முடியற வரைக்கும் 824-தான் கூட்டணும், ஜனவரிக்கு அப்புறம்தான் 825. அப்போ அந்த கார்த்திகை 1840 டிசம்பர்ல விழுது. நம்பலன்னா இப்ப உள்ள கணக்க வச்சுப் பாருங்க, கொல்லம் 1201 பொறந்தது 2025 ஆகஸ்ட்ல. அதே கணக்குல வைகுண்டர் அவதார தினமான 1008 மாசி 20-அ போட்டா 1833 மார்ச் வரும், எல்லாரும் சொல்றதும் அதான், ஏன்னா மாசிக்கு 825 சரி. மலர்ல கொல்லம் தேதிய அப்படியே போட்டு பக்கத்துல இங்கிலீஷ் வருஷத்த எழுதுங்க, படிக்கறவங்களும் கூட்டிப் பாத்துக்கட்டும்.

நான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் முந்தி ஒரு கோயில் மலர்ல நான் ஒரு வருஷத்த விசாரிக்காம எழுதிட்டேன். அடுத்த மலர்ல அத பாத்து எழுதினாங்க, அப்புறம் ஃபேஸ்புக்ல வந்துச்சு, கடைசியில ஒருத்தர் அத எனக்கே ஆதாரம்னு அனுப்பினாரு, அது இன்னிக்கும் எனக்கு மனசுல உறுத்துது. அதனால பத்து எடத்துல இருக்குன்னா பத்து ஆதாரம்னு எடுத்துக்காதீங்க, அந்தப் பத்தும் யார பாத்து எழுதினதுன்னு தேடுங்க.

பல கோடிங்கற கணக்குக்கு அடிப்படை கிடையாது. இந்திய மக்கள்தொகை கணக்குல பேரு சொல்லி பெருசா காட்டறது ஆறு மதம்தான், அதுல அய்யாவழி இல்ல, பெரும்பாலானவங்க இந்துன்னே பதிவாகறாங்க. நம்ம மலேசியாவுலயும் அதே மாதிரிதான். அந்த எண்ணிக்கைய விட்டுடுங்க.

எத நம்புறதுன்னு கேட்டீங்க. அவங்க என்ன நம்பறாங்கங்கறதுக்கு அகிலத்திரட்ட விட பெரிய ஆதாரம் இல்ல, ஓலையில இருந்தது 1939-ல அச்சுல வந்துச்சு. ஊர் நடப்புக்கு வெளியாள் எழுதினதும் வேணும். அதே ஊர்கள்ல வேல செஞ்ச லண்டன் மிஷன் பாதிரிமாருங்க முத்துக்குட்டின்னு வைகுண்டரோட பழைய பேர போட்டு எழுதியிருக்காங்க, எரிச்சலோடதான், தங்க பக்கம் வரவேண்டிய ஜனம் அங்க போகுதேன்னு. ஆனா அதுலயும் ஒரு பலன் இருக்கு, அப்படி ஒருத்தர் இருந்தாரு, கூட்டம் கூடுச்சுன்னு பிடிக்காதவங்களே ஒத்துக்கறாங்க பாருங்க. ரெண்டையும் உக்காந்து ஆராஞ்ச புத்தகம் ஒண்ண சென்னைப் பல்கலைக்கழகம் 2003-ல வெளியிட்டுச்சு, கோலாலம்பூர் போறப்ப மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துல கேட்டுப் பாருங்க, இந்திய ஆய்வியல் துறை அங்கதான் இருக்கு.

ஆனா நம்ம தோட்டத்துல அய்யாவழி எப்படி இருந்துச்சுங்கறத அந்தப் புத்தகங்கள்ல தேடிப் பிரயோசனமில்ல, அதுக்கு ஆதாரம் உங்க வீடுதான். தோட்டத்த வித்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறினப்ப அந்தக் கண்ணாடி யாரு வீட்டுக்குப் போச்சுன்னு கேளுங்க, இருந்தா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் படம் புடிங்க, பின்னாடி பிரேம் போட்ட கடைப்பேரு இருக்கலாம். தாத்தா கும்புடறப்ப பாடினது பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோ ரெண்டு வரி ஞாபகம் இருந்தாலும் போதும், பாடச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, யாரு பாடினது என்னைக்குன்னு எழுதி வைங்க. அது அவங்க வழிபாட்டுப் பாட்டுங்கள்ல உகப்படிப்பா, மத்தியானம் படிக்கற உச்சிப்படிப்பான்னு, அந்தப் பாட்டுங்க இருக்கற அருள்நூல் எடுத்து நாம ஒத்துப் பாக்கலாம், எனக்கு அனுப்பினா நானும் கூட உக்காந்து பாக்கறேன். பாட்டி இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே போங்கம்மா.